கிராம சபையில் உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

குழாயில் தண்ணீர் வரவில்லை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, தெருவிளக்கு எரிந்து ஆறு மாதம் ஆகிறது என்று கிராம சபையில் எழுந்து பேசுகிறவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். "பாத்துக்கலாம்மா, செஞ்சிடலாம்" என்று பதில் வரும், கூட்டம் கலையும், அடுத்த கூட்டத்தில் அதே ஆள் அதே குறையைச் சொல்வார். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறாததுதான் காரணம். புத்தகத்தில் ஏறாத பேச்சை ஒன்றிய அலுவலகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஏறிவிட்டால் அதை இல்லையென்று சொல்லவும் யாராலும் முடியாது. ஒரு குறையை வாயிலிருந்து புத்தகத்துக்கும், புத்தகத்திலிருந்து வேலைக்கும் கொண்டுபோகும் வழியைப் படிப்படியாக இங்கே சொல்கிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது

அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன் 3-ஆவது பிரிவு கிராம சபையை அமைக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். இதற்கு யாருடைய அழைப்பும் தேவையில்லை. தலைவருக்கு வேண்டாதவர், வரி பாக்கி வைத்தவர், போன தேர்தலில் எதிர்த்து நின்றவர் என்று எந்தக் காரணத்தைச் சொல்லியும் உங்களை வெளியே நிறுத்த முடியாது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் கிராம சபை கூடி வந்தது. 2022-ல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆகின. கூட்டத்தின் இடம், நேரம், பொருள் ஆகியவற்றைக் குறைந்தது ஏழு நாளைக்கு முன்பே ஊருக்கு அறிவிக்க வேண்டும். கூட்டத்தை ஒவ்வொரு வார்டாகச் சுழற்சி முறையில் நடத்த வேண்டும். மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது. கோயில் மண்டபத்தில் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால், அங்கே வரத் தயங்குகிறவர்கள் அல்லது வர விடப்படாதவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். இந்த விதியின் அவசியம் புரியும். அறிவிப்பைப் பார்த்த அன்றே இடத்தை மாற்றச் சொல்லி வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுங்கள்.

அடுத்தது குறைவெண், அதாவது கோரம். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் கூட்டத்தில் இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கை இல்லாமல் போட்ட தீர்மானத்தைப் பின்னால் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், உங்களுடைய நல்ல தீர்மானம் உட்பட.

குறை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

பாதி மனுக்கள் தவறான வாசலைத் தட்டியே வீணாகின்றன. தெருக்குழாய், தெருவிளக்கு, சாக்கடை, ஊராட்சிச் சாலை, குப்பை, சுடுகாடு, வீட்டு வரி ஆகியவை ஊராட்சியின் நேரடி வேலை. ஒன்றியச் சாலையும் சிறு பாசனக் கண்மாயும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறை. பட்டாவும் புறம்போக்கு ஆக்கிரமிப்பும் வருவாய்த் துறையிடம். மின்கம்பி மின்வாரியத்திடம், ஆனால் அதே கம்பத்தில் உள்ள விளக்கு ஊராட்சியுடையது.

ஊராட்சியின் கையில் உள்ள வேலை என்றால், "இச்சபை தீர்மானிக்கிறது" என்று எழுதக் கேளுங்கள். வேறு துறையின் வேலை என்றால், அந்தத் துறையின் பெயரைச் சொல்லி, "இச்சபை கோருகிறது, தீர்மான நகலை இன்னாருக்கு அனுப்ப வேண்டும்" என்று எழுதக் கேளுங்கள். இரண்டையும் குழப்பினால், "இது எங்க வேலை இல்லை" என்ற ஒற்றை வரியில் தட்டிக் கழித்துவிடுவார்கள்.

குறையை அளந்து எழுதுங்கள்

"எங்க தெருவுக்குத் தண்ணியே வர்றதில்லை" என்பதற்குத் தொட்டி இயக்குபவர் "தினமும் திறந்து விடுறேனே" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். எண்ணோடு போனால் முடியாது.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 15 லிட்டர் குடத்தைக் குழாயடியில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். 90 வினாடி ஆனால் நிமிடத்துக்கு 10 லிட்டர். அரை மணி நேரம் தண்ணீர் விட்டால் 300 லிட்டர். ஆறு பேர் உள்ள வீட்டுக்குத் தேவை 330 லிட்டர். இதுவே ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் நாளொன்றுக்குக் கிடைப்பது 150 லிட்டர், தேவையில் பாதிகூட இல்லை. தெருவின் முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு என்று மூன்று இடத்தில், ஒரு வாரம் தொடர்ந்து அளந்து தாளில் குறித்து வையுங்கள். முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் உள்ள வித்தியாசம், கோளாறு குழாயின் அளவிலா வால்விலா இடையில் யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சுவதிலா என்று தேடத் தொடங்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சாலை என்றால் எங்கிருந்து எங்கு வரை, எத்தனை மீட்டர். விளக்கு என்றால் கம்பத்தின் எண். சுடுகாட்டுப் பாதை என்றால் சர்வே எண். சர்வே எண்ணுக்கு உரிய அ-பதிவேட்டு விவரத்தைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் எடுக்கலாம். புறம்போக்கா பட்டா நிலமா என்பது அதில் தெரிந்துவிடும். பட்டா நிலத்தின் வழியே பாதை கேட்டால் ஊராட்சியால் நேராகச் செய்ய முடியாது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

மனுவோடு தீர்மான வாசகத்தையும் நீங்களே கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கூட்டத்தில் தீர்மானத்தை எழுதுகிறவர் ஊராட்சிச் செயலர். ஒரே நாளில் இருபது, முப்பது பொருள்களை எழுதுகிறவர், உங்கள் பேச்சைக் கேட்டு "குடிநீர்ப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதி முடித்துவிடுவார். அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. விவாதித்தார்கள், சரி, என்ன முடிவு செய்தார்கள்? வாசகம் உங்கள் கையில் தயாராக இருந்தால் அதையே பார்த்து எழுத அவருக்கும் எளிது.

மாதிரி இதோ:

"நமது ஊராட்சி 4-ஆவது வார்டு கீழத்தெருவில் உள்ள 62 வீடுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம் மட்டுமே குடிநீர் வருகிறது. தெருவின் கடைசியில் உள்ள 20 வீடுகளுக்கு அதுவும் எட்டுவதில்லை. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து இத்தெருவுக்குச் சுமார் 180 மீட்டர் தனிக் குழாய் பதித்து வால்வு அமைக்க, நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கிலிருந்து மதிப்பீடு தயாரித்து, இரண்டு மாதத்துக்குள் பணியைத் தொடங்க இச்சபை தீர்மானிக்கிறது. நடவடிக்கை விவரத்தை அடுத்த கிராம சபையில் வைக்க வேண்டும்."

என்ன வேலை, எங்கே, எவ்வளவு, எந்தப் பணத்தில், எப்போதைக்குள், எங்கே பதில் சொல்வது என்ற ஆறும் இதில் இருக்கின்றன. பணம் எங்கிருந்து என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "நிதி இல்லை" என்ற பதில் வருவது அந்த இடைவெளியில்தான். 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவிட வேண்டிய பணமாக இருந்தது: பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. மீதி 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்கேற்பச் செலவிட முடிந்தது. உங்கள் ஊராட்சி எதற்கு எவ்வளவு திட்டமிட்டது, எவ்வளவு செலவிட்டது என்பது இ-கிராம் சுவராஜ் இணையதளத்தில் ஊர் பெயரைப் போட்டாலே வரும். அதை அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.

மனு மூன்று படி வேண்டும். ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு, ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி), ஒன்று உங்களுக்கு. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே கொடுத்து, உங்கள் படியில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்த நாளைக் காட்டும் இணையப் பக்கத்தின் அச்சையும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒப்புகைதான்.

2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. உங்கள் ஊரில் இப்போது தலைவர் இல்லையென்றால் மனுவைத் தனி அலுவலர் பெயருக்கு எழுதுங்கள். தலைவர் இல்லை என்பதால் கிராம சபையின் உரிமை எதுவும் குறைவதில்லை.

ஆள் திரட்டுவது

ஒருவர் எழுந்தால் அது அவருடைய சொந்தக் குறையாகிவிடும். தெருவில் இருபது பேராவது வர வேண்டும், அதில் பெண்கள் பாதியாவது இருக்க வேண்டும். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை குடம் கிடைக்கிறது என்பதைக் குடம் தூக்குகிறவரை விடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. வீடு வீடாகப் போய் மனுவைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பெயர், வாக்காளர் வரிசை எண், கையெழுத்து என்று மூன்று பத்தி போதும்.

யார் பேசுவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஒருவர் குறையைச் சொல்ல, ஒருவர் அளந்த கணக்கை வாசிக்க, ஒருவர் தீர்மான வாசகத்தை வாசித்துக் கையில் கொடுக்க, மூன்று பேர், மொத்தம் ஐந்து நிமிடம். மற்றவர்கள் "ஆமாம், இதைத் தீர்மானமாப் போடுங்க" என்று சொன்னால் போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் கூச்சல் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட முடியும். அந்த வாய்ப்பைக் கொடுக்காதீர்கள்.

கூட்ட நாள்: கையெழுத்தில் கவனம்

கிராம சபையில் நடக்கும் மோசடிகளில் பெரியது வருகைப் பதிவேட்டில்தான். முந்தின நாளே நோட்டை வீடு வீடாக அனுப்பியோ, நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடமோ கையெழுத்து வாங்கிக் கோரத்தை நிரப்பிவிடுவார்கள். கூட்டத்தில் முப்பது பேர் இருப்பார்கள், நோட்டில் இருநூறு பேர். கூலிக்கு வந்தவரின் கைநாட்டை அவருக்குத் தெரியாமலே அவருக்கு எதிரான தீர்மானத்துக்குப் பயன்படுத்துவது கொடுமை. இதை ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள்: கூட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் கையெழுத்துப் போட வேண்டாம், மேலே தலைப்பும் தேதியும் எழுதாத பக்கத்தில் போட வேண்டாம், உங்கள் பெயருக்கு மேலும் கீழும் வெற்று வரிகள் இருந்தால் கோடிட்டு அடைக்கச் சொல்லுங்கள்.

கூட்டம் தொடங்கியதும் முந்தைய கிராம சபைத் தீர்மானங்களின் மீது என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேளுங்கள். அடுத்து வரவு செலவு. அது படிவம் 30-ல் வரும். ஏப்ரல் 1 முதல் கூட்டத்துக்கு முந்தைய மாதம் வரையான கணக்கு அதில் இருக்கும். வேகமாக வாசித்துக் கடந்துபோக விடாமல், உங்கள் தெருவோடு தொடர்புள்ள ஒரு வரியை மட்டும் பிடியுங்கள். "குழாய் பழுதுபார்ப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தத் தெருவில், எந்தத் தேதியில்?" குறிப்பான ஒரு கேள்வி போதும். "எல்லாத்தையும் தின்னுட்டீங்க" என்று பொதுவாகச் சொன்னால் பேச்சு வாய்ச்சண்டையாகி, கேள்வி காணாமல் போய்விடும்.

பொருள்நிரலில் பெரும்பாலானவை மாவட்டத்திலிருந்து வந்த பொதுப் பொருள்கள்: குடிநீர்ச் சிக்கனம், கொசு ஒழிப்பு, திட்ட விளக்கங்கள். உங்கள் மனு கடைசியில் "இதர பொருள்கள்" என்ற தலைப்பில் வரும். அதற்குள் பாதிப் பேர் எழுந்துபோயிருப்பார்கள். உங்கள் தெருக்காரர்கள் கடைசி வரை உட்கார வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குழந்தைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவதுகூட இதில் முக்கியம்தான்.

உங்கள் பொருளைப் பேசி முடித்ததும் "தீர்மானத்தை வாசிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். நீங்கள் கொடுத்த வாசகமும் எழுதிய வாசகமும் ஒன்றா என்று கேட்டுச் சரிபாருங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு இருந்தால் கை தூக்கச் சொல்லி எண்ணி, ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று பதியச் சொல்லுங்கள்.

மறுத்தால்? கூட்டத்தைப் பார்வையிட அரசு அனுப்பிய பற்றாளர் ஒருவர் அங்கே இருப்பார். பெரும்பாலும் வேறு அலுவலகத்தைச் சேர்ந்த அலுவலர். மனுவின் ஒரு படியை அவரிடம் கொடுத்து, "இந்தப் பொருளைத் தீர்மானமாகப் பதிய மறுத்தார்கள் என்று உங்கள் அறிக்கையில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். அன்றே, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, வந்திருந்தவர்களின் கையெழுத்தோடு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு அவருடையது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணிலும் பதியலாம்.

சாதி குறுக்கே வரும்போது

இதைச் சொல்லாமல் கிராம சபை பற்றி எழுதுவது நேர்மையாக இருக்காது. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். படம் வெளியாகி வழக்கானது. தலைவருக்கே அந்த நிலை என்றால் சாதாரண உறுப்பினர் எழுந்து பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பட்டியலின மக்களைப் பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், ஊராட்சிப் பொறுப்பில் உள்ளவர்களை வேலை செய்ய விடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ன்படி குற்றங்கள். தனியாகப் போகாதீர்கள். ஒருவர் செல்போனில் பதிவு செய்யட்டும். மிரட்டல் வந்தால் சொன்ன வார்த்தை, நேரம், அருகில் இருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது அந்தத் தாள் கை கொடுக்கும்.

தீர்மானம் வந்துவிட்டது, வேலை வரவில்லை

ஒரு மாதம் பொறுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 6(1) பிரிவில் விண்ணப்பியுங்கள். வெள்ளைத் தாளில், தமிழில், பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். அவரிடம் இல்லாத தகவல் என்றால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரியவருக்கு மாற்ற வேண்டியது அவர் கடமை. தகவல் எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

கேள்வியை "ஏன்" என்று தொடங்காதீர்கள். "ஏன் குழாய் போடவில்லை" என்றால், அலுவலகத்தில் ஆவணமாக இருப்பதைத்தான் தர முடியும் என்று திருப்பிவிடலாம். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்:

- இன்ன தேதி கிராம சபையின் வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம் ஆகியவற்றின் நகல்.
- இன்ன எண் தீர்மானத்தின் மீது எழுதப்பட்ட கடிதங்கள், கோப்புக் குறிப்புகளின் நகல்.
- அந்த வேலைக்கான மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகப் பக்கங்கள், பட்டியல் தொகை வழங்கிய விவரம்.

அளவுப் புத்தகத்தை 'எம் புக்' என்பார்கள். அதில் எத்தனை மீட்டர் குழாய், என்ன விட்டம், எத்தனை ஆழம் என்று இருக்கும். நகலோடு தெருவுக்குப் போய் டேப் வைத்து அளந்தால் 180 மீட்டருக்குப் பணம் போய் 110 மீட்டரில் வேலை நின்றதா என்பது தெரிந்துவிடும். ஆவணங்களை நேரில் போய்ப் பார்க்கவும் 2(ஜே) பிரிவு உரிமை தருகிறது.

பதில் முப்பது நாளில் வர வேண்டும். கெடு கடந்தால் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிலே வராவிட்டால் அல்லது பதில் போதாவிட்டால், அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்தில் விசாரணை வரத் தாமதம் ஆகலாம் என்பதையும் மனதில் வையுங்கள். அதற்காகக் காத்திராமல் அடுத்த கிராம சபையில் கேள்வியைத் தொடருங்கள்.

ஒரு எச்சரிக்கை: தனிநபர் விவரங்களைத் தருவது பற்றிய 8(1)(ஜே) பிரிவை 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இறுக்கமாக்கிவிட்டது. பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் கேட்டால் இதைக் காட்டி மறுக்கலாம். முடிந்தவரை வேலை, தொகை, தேதி, இடம் என்றே கேளுங்கள். பெயர் தேவைப்பட்டால், பொதுநலன் பெரிது எனில் தரலாம் என்று சொல்லும் 8(2) பிரிவைக் குறிப்பிட்டு, அந்தப் பொதுநலன் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்.

ஊராட்சியை மீறிய விஷயங்கள்

சுரங்கம், ஆலை, நிலம் கையகப்படுத்தல் போன்றவற்றில் கிராம சபைத் தீர்மானம் மட்டும் திட்டத்தை நிறுத்திவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-ல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. அங்கே வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அந்த மறுப்புக்குப் பலம் கொடுத்தன. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இதில் எந்த ஒன்று முடிவை மாற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்படியான தீர்மானத்தில் பாதிக்கப்படும் சர்வே எண்கள், நீர்நிலைகள், வீடுகளின் எண்ணிக்கை இருக்கட்டும். நகலை ஆட்சியர், தொடர்புடைய துறை, சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் நால்வருக்கும் அனுப்பி ஒப்புகையைச் சேர்த்து வையுங்கள். நீதிமன்றம் போக நேர்ந்தால் முதலில் கேட்கப்படும் தாள்கள் இவையே.

நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் கூட ஆரம்பித்தது. தலைவர் இடத்தில் வார்டு உறுப்பினர், ஒன்றிய அலுவலகத்தின் இடத்தில் மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையர். அளந்து எழுதுவது, வாசகத்தைக் கையில் கொடுப்பது, ஒப்புகை வாங்குவது ஆகிய மூன்றும் அங்கேயும் அப்படியே பொருந்தும்.